போனில் நெட் தேவையா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுப் போன் வாங்குகிறவர்கள், திட்டத்தை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள், பெற்றோருக்குப் போன் எடுத்துக்கொடுக்கிறவர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒரு இடத்தில் சொன்னதை இன்னொரு இடத்தில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

1. போன்ல நெட் போடறதுன்னா என்ன? வைஃபை வேற, இது வேறயா?

வேறதான். வைஃபை என்பது வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ கம்பி வழியாக வந்துசேர்ந்த நெட்டை, அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் காற்றில் பரப்பும் ஏற்பாடு. சில பத்து மீட்டர் தள்ளிப் போனால் அறுந்துவிடும். மொபைல் டேட்டா என்பது சிம் கார்டு வழியாக நேரே டவரிலிருந்து வருவது. டவர் எட்டும் இடமெல்லாம் வரும், ஆனால் அளந்துதான் கொடுப்பார்கள்.

"போனில் நெட் இருக்கிறதா" என்று கேட்டால் பலர் இரண்டையும் சேர்த்தே நினைக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நெட், டேட்டா என்று நான் எழுதுவது சிம் வழியாக வருவதை மட்டும். சிம்மில் டேட்டாவே போடாத ஸ்மார்ட்போனும் வைஃபை கிடைத்தால் எல்லா வேலையும் செய்யும்.

2. வீட்லயும் ஆபீஸ்லயும் வைஃபை இருக்கு. அப்புறம் டேட்டா எதுக்கு?

இதுதான் சரியான கேள்வி. உங்களுக்கு டேட்டா தேவைப்படுவது ஒரு வைஃபையை விட்டுக் கிளம்பி அடுத்த வைஃபைக்குப் போய்ச் சேரும்வரை உள்ள நேரத்துக்கு மட்டும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். வழி தேடுகிறீர்களா, பணம் செலுத்துகிறீர்களா, வண்டி கூப்பிடுகிறீர்களா, "எங்கே இருக்கிறாய்" என்ற செய்திக்கு உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கிறதா? இதில் ஒன்று அடிக்கடி நடந்தாலும் டேட்டாவுக்குக் கொடுக்கும் காசு தகும். அந்த நேரம் முழுக்கப் பாட்டும் வீடியோவும்தான் என்றால், வைஃபையில் இருக்கும்போதே இறக்கிவைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பெரிய திட்டம் எடுப்பது வீண்.

சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் டேட்டாவை அணைத்துவிட்டு நடமாடுங்கள். வெளியில் இருக்கும்போது எதற்காக அதை மறுபடி போட வேண்டியிருந்தது என்று போனிலேயே குறித்துவையுங்கள். வாரக் கடைசியில் அந்தக் குறிப்பில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். "சும்மா பார்த்தேன்" என்பதே நிறைய இருந்தால் 18ஆம் கேள்விக்குப் போங்கள்.

3. நெட் இல்லேன்னா பேங்க் ஓடிபி வராதாமே?

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கு நெட் வேண்டாம். பேசுவதற்கு டவர் கிடைத்தால் அதுவும் வரும். எஸ்எம்எஸ் என்பது போன்களில் நெட் வருவதற்கு முன்பே, 1992இலேயே, ஓடத் தொடங்கிய வேறு பாதை. வங்கியின் செயலியைத் திறப்பதற்கும், அந்தச் செயலிக்குள்ளேயே வரும் ஒப்புதலுக்கும்தான் நெட் வேண்டும். உங்கள் வங்கி எந்த வகையைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது பலர் செயலிக்கு மாறிவருகிறார்கள்.

இடையில் ஒன்று: ஒரு எஸ்எம்எஸ் சுமப்பது 140 பைட்டுகள் மட்டும். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து, தமிழில் 70 இடம். "வணக்கம்" என்பதில் கண்ணுக்கு ஐந்து எழுத்து, ஆனால் புள்ளிகளும் தனியாக எண்ணப்படுவதால் போனுக்கு அது ஏழு இடம். தமிழில் நாலு வரி அனுப்பினால் இரண்டு மூன்று எஸ்எம்எஸ் கணக்கு ஏறுவது அதனால்தான். தமிழில் நிறைய எழுதி அனுப்புகிறவர்களுக்குக் கொஞ்சமாவது டேட்டா வைத்துக்கொள்வது மிச்சம்.

4. டேட்டாவ ஆஃப் பண்ணிட்டா கால் வருமா?

வரும். இப்போதைய 4ஜி போன்களில் சாதாரண அழைப்பும் உள்ளுக்குள் டேட்டா போலத்தான் பயணிக்கிறது. ஆனாலும் அது தனி வழியில் போகிறது, உங்கள் ஜிபி கணக்கில் கழியாது, டேட்டா பட்டனை அணைத்தாலும் நிற்காது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் வரும் அழைப்புகள்தான் நிற்கும்.

5. மேப் பாக்க டேட்டா கண்டிப்பா வேணுமா?

பாதி வேண்டாம், பாதி வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஜிபிஎஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைப் போன் கேட்டுக்கொள்கிறது. குறைந்தது நாலு செயற்கைக்கோள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். போன் எதையும் திருப்பி அனுப்புவதில்லை, டேட்டாவும் செலவாவதில்லை. டேட்டாவை அணைத்துவிட்டு மேப்பைத் திறந்து நடந்து பாருங்கள்: தெருவோ பெயரோ இல்லாத வெறும் சாம்பல் பரப்பின் மேல் நீலப் புள்ளி மட்டும் உங்களோடு நகரும். போனுக்கு இடம் தெரிகிறது, காட்டுவதற்குப் படம்தான் இல்லை.

அந்தப் படத்தை வைஃபையில் இருக்கும்போதே இறக்கிவைக்கலாம். கூகுள் மேப்ஸில் வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து ஆஃப்லைனில் சேமிக்க முடியும். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடங்களைப் பயன்படுத்தும் செயலிகளில் ஒரு நாட்டையே இறக்கிக்கொள்ளலாம். வண்டி ஓட்டும் வழியைக்கூட நெட் இல்லாமலே சொல்லிவிடும். கிடைக்காதது, முன்னால் நெரிசல் இருக்கிறதா, பாலம் மூடியிருக்கிறதா, பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்ற நேரடித் தகவல். தினமும் ஒரே வழியில் போகிறவருக்கு மேப்பில் தேவைப்படுவதே அந்தத் தகவல்தான். புது ஊருக்கு எப்போதாவது போகிறவருக்கு இறக்கிவைத்த படம் தாராளமாகப் போதும்.

ஆஃப்லைனில் முதல் தடவை இடம் காட்ட நேரம் எடுக்கும், போன் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் சொல்கிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரத்தை முழுதாகக் கேட்க சுமார் 30 விநாடி ஆகும். டேட்டா இருந்தால் அதே விவரத்தைப் போன் நெட்டிலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். திறந்த வெளியில் ஒரு நிமிடம் நின்றால் போதும்.

6. எனக்கு எத்தன ஜிபி போதும்?

வீடியோ பார்ப்பீர்களா என்பதைப் பொறுத்தது, மற்றதெல்லாம் சில்லறை. கணக்கைப் பாருங்கள். 1 ஜிபி என்பது சுமார் 1,000 எம்பி, 1 எம்பி சுமார் 1,000 கேபி. எழுத்துச் செய்தி ஒன்று சில கேபிதான். நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தாலும் சில எம்பியைத் தாண்டாது. செயலி வழியாகப் பேசினால் நிமிடத்துக்கு அரை எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பி. விநாடிக்கு 96 கிலோபிட் தரத்தில் (பிட், பைட் வித்தியாசம் 8ஆம் கேள்வியில்) பாட்டு கேட்டால் மணிக்கு 43 எம்பி, அதாவது 1 ஜிபியில் 23 மணி நேரப் பாட்டு.

வீடியோவுக்கு வந்தால் எண் எகிறும். சுமாரான தெளிவில், விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடினால் மணிக்கு 450 எம்பி. நல்ல தெளிவில் விநாடிக்கு 5 மெகாபிட் என்றால் மணிக்கு 2.25 ஜிபி. உள்ளங்கை அளவுத் திரையில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உற்றுப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் டேட்டா ஐந்து மடங்கு. வீடியோ செயலியின் அமைப்பில், மொபைல் டேட்டாவில் இருக்கும்போது மட்டும் தரத்தைக் குறைக்கும் வசதி இருக்கும். அதை ஒரு தடவை மாற்றிவிட்டால் பாதிப் பேருக்குத் திட்டத்தையே சிறிதாக்கிவிடலாம் என்பது என் கணிப்பு.

வழி பார்ப்பது, பணம் செலுத்துவது, செய்தி அனுப்புவது, நாளுக்குக் கொஞ்சம் செய்தித்தளம் என்று இருப்பவருக்கு மாதம் 2, 3 ஜிபியே மிஞ்சும். பேருந்தில் தினமும் ஒரு மணி நேரம் வீடியோ பார்ப்பவருக்கு மேலே சொன்ன சுமாரான தரத்திலேயே மாதம் 13 ஜிபிக்கு மேல் வேண்டும்.

7. நான் ஒண்ணுமே பண்ணல, டேட்டா மட்டும் தீந்துபோகுதே?

நீங்கள் பண்ணவில்லை, போன் பண்ணுகிறது. அமைப்புகளில் டேட்டா பயன்பாடு என்ற இடத்தைத் திறந்தால் செயலி வாரியாக, அதிகம் தின்றது மேலே என்ற வரிசையில் பட்டியல் இருக்கும். ஏதாவது ஒன்றைத் தொட்டால், நீங்கள் திறந்து பார்த்தபோது செலவானது எவ்வளவு, பின்னணியில் செலவானது எவ்வளவு என்று ஆண்ட்ராய்டு பிரித்தே காட்டும். பின்னணி எண் பெரிதாக இருக்கும் செயலிதான் உங்கள் திருடன்.

வழக்கமாக மாட்டுவது நாலு பேர்: எடுத்த படங்களையெல்லாம் தானாக மேலே ஏற்றும் புகைப்படச் செயலி, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் செயலிக்கடை, விரல் பட்டாலே வீடியோவை ஓட்டும் சமூக வலைத்தளங்கள், குழுக்களில் வரும் எல்லா வீடியோவையும் கேட்காமலே இறக்கும் வாட்ஸ்அப். முதல் இரண்டை "வைஃபையில் மட்டும்" என்று மாற்றுங்கள், மூன்றாவதில் தானியங்கி ஓட்டத்தை நிறுத்துங்கள், நாலாவதில் தானாக இறக்குவதை அணையுங்கள். ஒவ்வொன்றாக மாற்றப் பொறுமை இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் 2016 முதல் டேட்டா சேவர் என்று ஒரே பட்டன் இருக்கிறது, ஐபோனில் 2019 முதல் லோ டேட்டா மோட்.

8. அன்லிமிடெட்னு போட்டிருக்கான், ஆனா சாயங்காலம் ஆனா ஊர்ந்து போகுதே?

எல்லையில்லாதது அளவு, வேகம் இல்லை. பல திட்டங்களில் ஒரு குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகத்தை விநாடிக்கு 64 கிலோபிட் போன்ற ஒரு அளவுக்கு இறக்கிவிடுவார்கள். எழுத்துச் செய்தி போகும், மற்றதெல்லாம் நகராது. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆக 64 கிலோபிட் என்பது விநாடிக்கு 8 கேபிதான். 2 எம்பி புகைப்படம் ஒன்று வந்துசேர 4 நிமிடம். இன்றைய வலைப்பக்கங்களும் சராசரியாக 2 எம்பிக்கு மேல் இருப்பதால் ஒரு பக்கம் திறப்பதற்கும் அதே கதி.

விளம்பரத்தில் வேகத்தை எப்போதும் பிட்டில் சொல்வார்கள், டேட்டாவின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். "100 எம்பி ஸ்பீடு" என்று யாராவது சொன்னால் எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். திட்டம் எடுக்கும்போது எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்காமல், முடிந்த பிறகு வேகம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

9. சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கே?

திரையின் மூலையில் இருக்கும் சிக்னல் கட்டைகள் காட்டுவது டவரின் சத்தம் உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை. அந்த டவரில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதை அது காட்டுவதில்லை. ஒரு டவரின் கொள்ளளவை அங்கே இருக்கும் எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். திருவிழாவிலோ மைதானத்திலோ கட்டைகள் நிறைந்திருந்தும் ஒரு படம் போகாமல் நிற்பது அதனால்தான். அதே இடத்தில் விடிகாலையில் பார்த்தால் பறக்கும்.

கட்டைகளையே முழுதாக நம்ப வேண்டாம். சிக்னலின் பலம் எத்தனை டெசிபல் இருந்தால் எத்தனை கட்டை என்று பொது விதி எதுவும் இல்லை, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார். 2010இல் ஆப்பிள் நிறுவனமே தன் போன்களில் கட்டைகளைக் கணக்கிடும் சூத்திரம் தவறு, பல சமயம் இருக்க வேண்டியதைவிட 2 கட்டை கூடுதலாகக் காட்டிவந்தது என்று கடிதம் எழுதி ஒத்துக்கொண்டது. நண்பருடைய போனில் ஐந்து கட்டை, உங்கள் போனில் மூன்று என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

10. டேட்டா ஆன்லயே இருந்தா பேட்டரி சீக்கிரம் இறங்குமா?

இறங்கும், ஆனால் எவ்வளவு என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசினாலே கேட்கும். தூரத்திலோ, தடித்த சுவருக்குள்ளோ, அடித்தளத்திலோ இருந்தால் கத்த வேண்டும். 4ஜி போன் அதிகபட்சமாக 200 மில்லிவாட் வரை அனுப்பும், சிக்னல் நன்றாக இருக்கும்போது செலவாவது அதில் ஒரு துளிதான். சிக்னல் விட்டுவிட்டு வரும் பயணத்தில் பேட்டரி மளமளவென்று கரைவது இந்தக் கத்தலால்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சின்ன அறிவிப்பு வந்துபோன பிறகும் போனின் ரேடியோ உடனே தூங்காது, அடுத்தது ஏதாவது வருமா என்று சில விநாடிகள் விழித்தே இருக்கும். நிமிடத்துக்கொரு அறிவிப்பு வந்தால் அதற்குத் தூக்கமே இல்லை. 7ஆம் கேள்வியில் சொன்ன களையெடுப்பு பேட்டரிக்கும் சேர்த்துத்தான்.

11. 5ஜி எடுக்கணுமா?

போன் தானாக 5ஜியாக வந்தால் வரட்டும், அதற்காகவே போன் மாற்ற வேண்டாம். 6ஆம் கேள்வியில் சொன்னதுபோல நல்ல வீடியோவுக்கே விநாடிக்கு 5 மெகாபிட் போதும், ஒழுங்காக ஓடும் 4ஜி அதைத் தாண்டிக் கொடுக்கும். 2019இல் 5ஜி வந்ததிலிருந்து மெய்யான பலன் தெரிவது 9ஆம் கேள்வியில் சொன்ன கூட்டமான இடங்களில்.

12. பட்டன் போன்லயே நெட் வருதாமே, அது பத்தாதா?

செய்தி, சின்ன வலைப்பக்கம், அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சல் என்றால் சில பட்டன் போன்களில் ஓடும். உட்கார்ந்து வழி தேடவோ வங்கி வேலை பார்க்கவோ சரிப்படாது. வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள்: அந்தப் போன் 4ஜியில் பேசுமா? பழைய நெட்வொர்க்குகளை ஒவ்வொரு நாடாக மூடிவருகிறார்கள். சிங்கப்பூரில் 2017இல் 2ஜி போனது, 2024இல் 3ஜி போனது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜியை மூடின. மூடிய பிறகு 2ஜி, 3ஜி மட்டுமே தெரிந்த போனில் நெட் மட்டுமல்ல, பேச்சும் நின்றுவிடும்.

பணம் அனுப்பத்தான் நெட் என்று நினைத்தால், அதற்கும் வேறு வழி உண்டு. கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா முதலிலிருந்தே சாதாரண போனின் சிம் மெனுவிலேயே பணம் அனுப்பவைத்தது. நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்களை அழுத்திச் செய்யும் வங்கிச் சேவைகளும் டேட்டா இல்லாமல் ஓடுபவைதான். உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

13. எங்க போனாலும் ஃப்ரீ வைஃபை கிடைக்குது. அத வச்சே ஓட்டிடலாமே?

ஓட்டலாம், பயப்படச் சொல்லும் அளவுக்கு ஆபத்தும் இப்போது இல்லை. பூட்டுக் குறி போட்ட தளங்களும் வங்கிச் செயலிகளும் அனுப்புவதைச் சங்கேதமாக்கித்தான் அனுப்புகின்றன. நடுவில் இருப்பவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியலாம், என்ன எழுதினீர்கள் என்று தெரியாது.

மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் வைஃபை வைக்கலாம். இணைந்தவுடன் "உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்றோ, "இந்தச் செயலியை நிறுவுங்கள்" என்றோ ஒரு பக்கம் வந்தால் மூடிவிட்டு வந்துவிடுங்கள். "இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை" என்று உலாவி எச்சரித்தால் பரவாயில்லை என்று தாண்டிப் போகக் கூடாது. பணம் செலுத்தும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் சொந்த டேட்டாவுக்கு மாறுவது என் வழக்கம், செலவும் கொஞ்சம்தான்.

14. போன் ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்ப ஓட்டிக்கலாம்ல? வீட்டு வைஃபைய நிறுத்திடலாமா?

தனியாக இருப்பவர், மின்னஞ்சலும் எழுத்து வேலையும் மட்டும் என்றால் செய்யலாம். ஆனால் லேப்டாப்புக்கு அது அளந்து கொடுக்கும் நெட் என்று தெரியாது, வைஃபை கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக ஜிபி கணக்கில் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கிவிடும். விண்டோஸில் அந்த இணைப்பின் அமைப்பில் மீட்டர்ட் கனெக்‌ஷன் என்பதைப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

வீட்டில் இரண்டு மூன்று பேர் இருந்தால் வேண்டாம். போனை எடுத்துக்கொண்டு நீங்கள் வெளியே போனால் வீட்டின் நெட்டும் உங்களோடு போய்விடும். சில திட்டங்கள் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு வைத்திருக்கின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

15. வெளிநாடு போறப்ப டேட்டாவ என்ன பண்றது?

விமானம் ஏறும் முன் டேட்டா ரோமிங் என்ற பட்டன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மொபைல் டேட்டா பட்டனும் இதுவும் வேறு. ரோமிங் திறந்திருந்தால், இறங்கியதும் 7ஆம் கேள்வியில் சொன்ன நாலு பேரும் அந்நிய நெட்வொர்க்கில் வேலையைத் தொடங்கிவிடுவார்கள், பில் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உள்ளவர்கள் ஒன்றிய நாடுகளுக்குள் போய்வந்தால் இந்தக் கவலை இல்லை. 2017 ஜூன் 15 முதல் அங்கே சொந்த நாட்டுக் கட்டணமே செல்லும். கப்பலிலும் விமானத்திலும் தனி நெட்வொர்க் இருக்கும், அது எந்தச் சலுகையிலும் வராது. எல்லையோர ஊர்களில் நாட்டை விட்டு நகராமலே பக்கத்து நாட்டு டவர் பிடித்துக்கொள்வதும் உண்டு.

போகும் இடத்தில் உள்ளூர் சிம் அல்லது இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) எடுத்து டேட்டாவை அதில் வைத்துக்கொண்டு, பழைய சிம்மை ஓடிபிக்காக மட்டும் விழித்திருக்க விடுவது நல்ல ஏற்பாடு. எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம் என்று 3இல் சொன்னது இங்கேயும் உதவும்.

16. அப்பாவுக்கு எழுபது வயசு. அவர் போன்ல நெட் போட்டுக் குடுக்கலாமா? யாராவது ஏமாத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு.

போட்டுக் கொடுங்கள். பேரப்பிள்ளை முகத்தை அவர் எந்த நேரமும் பார்க்கலாம், அவர் வெளியே போனால் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். ஏமாற்றுகிறவர்கள் நெட்டுக்காகக் காத்திருப்பதில்லை, ஓடிபியைக் கேட்டு வரும் அழைப்பு பட்டன் போனுக்கும் வரும். நெட் சேர்வதால் கூடுவது இரண்டு வழிகள்தான். ஒன்று, வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பை அனுப்பி நிறுவச் சொல்வது. மற்றொன்று, "உதவுகிறேன்" என்று திரையைப் பகிரும் செயலியைப் போடவைத்து அவர் தட்டுவதையெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது.

முதலாவதை நீங்களே அடைக்கலாம். அறியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை எல்லாச் செயலிகளுக்கும் அணைத்துவையுங்கள். இரண்டாவதற்கு அவரிடம் பேசத்தான் வேண்டும், பயமுறுத்தாமல். "போனில் யாராவது அவசரப்படுத்தினால் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் அப்பா" என்பதைவிட நீளமான அறிவுரை எதுவும் நெருக்கடியில் நினைவுக்கு வராது. போனில் இணைக்கும் வங்கிக் கணக்கு, பெரிய சேமிப்பு இல்லாத வேறு கணக்காக இருக்கட்டும்.

17. பையன் ஸ்கூலுக்குப் போன் கொண்டுபோறான். அவனுக்கு?

பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் சிம். நெட் வீட்டு வைஃபையில், வீட்டில் யாராவது இருக்கும்போது. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் அவனுக்கு டேட்டா அவசியம் என்று நம்பவைக்கும் காரணத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

18. நெட் போட்டதுலேர்ந்து கை போன விட்டு வரவே மாட்டேங்குது. எடுத்துடவா?

எடுத்துப் பார்க்கலாம், பலன் தெரியும். 2025இல் வெளியான ஒரு ஆய்வில் 467 பேரின் போன்களில் இரண்டு வாரம் நெட்டை அடைத்துப் பார்த்தார்கள். டேட்டா, வைஃபை இரண்டும் இல்லை. பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், கணினியில் நெட் பார்க்கலாம். கவனத்தை ஒன்றில் நிறுத்தும் திறனும், மனநிலையும், வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்ற உணர்வும் மேம்பட்டன. மிச்சமான நேரம் நேரில் பேசுவதிலும் உடற்பயிற்சியிலும் வெளியில் நடமாடுவதிலும் போயிற்று. அதே ஆய்வில் பெரும்பாலோரால் இரண்டு வாரமும் அந்தத் தடையை முழுதாகக் கடைப்பிடிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதனால் திட்டத்தையே ரத்து செய்வதைவிட, டேட்டா பட்டனை அணைத்தே வைத்திருப்பதுதான் நடக்கிற காரியம் என்று நினைக்கிறேன். வேண்டும்போது இரண்டு தட்டு தட்டி வழி பார்த்துவிட்டு மறுபடி அணைப்பது. அந்த இரண்டு தட்டு ஒரு சின்னத் தடைதான், ஆனால் பஸ் நிறுத்தத்தில் கை தானாகத் திரையை உருட்டத் தொடங்கும்போது "இணைப்பு இல்லை" என்று காட்டினால் பலரும் போனைப் பையில் போட்டுவிடுவார்கள். வீட்டில் வைஃபையில் உட்கார்ந்து உருட்டுவதற்கு இது மருந்தாகாது. அங்கே பிரச்சினை செயலிகளில் இருக்கிறது, சிம்மில் இல்லை.

19. நெட் இல்லாம இருந்தா ஆபத்து அவசரத்துக்கு என்ன பண்ணுவேன்?

அவசர அழைப்புக்கு டேட்டா வேண்டாம். 112 என்ற எண் மொபைல் தரத்திலேயே சேர்க்கப்பட்டது, பல நாடுகளில் சிம் இல்லாத போனிலிருந்தும் போகும். உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவரைப் பிடித்து அழைக்கும். புயல், வெள்ள எச்சரிக்கையை டவரிலிருந்து எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்கும் முறைக்கும் டேட்டா தேவையில்லை.

டேட்டாவின் பலன் அதற்கு அடுத்த கட்டத்தில் தெரியும்: இருக்கும் இடத்தை உறவினருக்கு அனுப்ப, எந்த மருத்துவமனை பக்கத்தில் என்று பார்க்க, எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள. இதற்கெல்லாம் ஒரு சின்னத் திட்டமே போதும். அவசரத்தை நினைத்து யாரும் பெரிய திட்டம் எடுக்க வேண்டியதில்லை.

20. ரெண்டு சிம் போட்டிருக்கேன். எதுல டேட்டா வைக்கிறது?

நீங்கள் அதிக நேரம் இருக்கும் இடங்களில் எந்த நிறுவனத்தின் நெட் ஓடுகிறதோ அதில். வங்கியில் கொடுத்த எண் எது என்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்டைகளை எண்ணாமல், வேலை நேரத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள், காரணம் 9இல். சிக்னல் இறங்கினால் தானாக மற்ற சிம்முக்கு மாறும் வசதி சில போன்களில் இருக்கும். இரண்டாவதில் டேட்டாத் திட்டம் இல்லாவிட்டால் அதை அணைத்துவையுங்கள், இல்லையென்றால் தனிக் கட்டணம் விழலாம்.

21. டேட்டாவ நிறுத்திட்டா வாட்ஸ்அப் போயிடுமா?

போகாது. அந்தக் கணக்கு உங்கள் எண்ணைச் சார்ந்தது, டேட்டாத் திட்டத்தை அல்ல. வைஃபை கிடைக்கும்போது திறந்தால், காத்திருந்த செய்திகள் வந்துசேரும். ஆனால் காத்திருப்புக்கு எல்லை உண்டு: சேராத செய்தியை அவர்கள் வைத்திருப்பது 30 நாள் வரை, அதன் பிறகு அழித்துவிடுவார்கள். 120 நாள் எட்டிப் பார்க்காமலே இருந்தால் பொதுவாகக் கணக்கையே நீக்கிவிடுவார்கள்.

டேட்டாவை நிறுத்துவது வேறு, சிம்மையே கைவிடுவது வேறு. எந்த ரீசார்ஜும் இல்லாமல் நெடுநாள் கிடக்கும் எண்ணை நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு உங்கள் ஓடிபி அவருக்குப் போகும், உங்கள் எண்ணை வைத்து வாட்ஸ்அப்பையும் அவர் திறப்பார். எண்ணை விடுவதாக இருந்தால் வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் மூன்றிலும் புது எண்ணைப் பதிந்துவிட்டு, ஒவ்வொன்றிலும் புது எண்ணுக்கு ஒரு ஓடிபி வந்து பார்த்த பிறகு பழைய சிம்மைக் கழற்றுங்கள்.